டச்பேட் டிரைவர் (டச்பேட்ட இயக்குற சாஃப்ட்வேர்) எழுதுற டீமுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டிரைவர் டீம் அவர்களுக்கு,

வணக்கம். கம்பெனி பேரு போடல, உங்களுக்கே தெரியும். லேப்டாப்ப மூடித் தெறந்தா டச்பேட் செத்துப்போற கதையும் நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல, ரெண்டு வருஷமா கம்ப்ளெய்ன்ட் டிக்கெட் போடுறேன், "லேட்டஸ்ட் டிரைவர் இன்ஸ்டால் பண்ணுங்க"ன்னு அதே பதில். நாலு தடவ பண்ணியாச்சு.

போன வாரம் தங்கச்சி வேலைக்கு அப்ளிகேஷன் போட கடைசி நாள். ராத்திரி 11:40. எல்லாம் அடிச்சு முடிச்சுட்டு, சார்ஜ் போடலாம்னு மூடி எடுத்துட்டு உள் ரூமுக்கு போனா, தெறந்தா கர்சர் அசையல. ரீஸ்டார்ட் பண்ணா அடிச்சதெல்லாம் போயிடும், மவுஸும் வீட்ல இல்ல. டேப் கீயத் தட்டித் தட்டி ஒவ்வொரு கட்டமா எறங்குனோம், நான் எண்ணுனேன், 43 தட்டு, அதுலயும் ஒண்ணு கூடப் போயி "கேன்சல்" மேல நின்னப்போ அவ மூச்சே விடல. ஷிஃப்ட் புடிச்சு டேப் தட்டி ஒரு அடி பின்னால வந்து எண்டர் தட்டுனப்போ 11:56.

மறுநாள் விண்டோஸ்ல டிவைஸ் மேனேஜர்ல பாத்தா மஞ்ச முக்கோணம், கோட் 10, டிவைஸ் ஸ்டார்ட் ஆகலயாம். டிசேபிள் பண்ணி எனேபிள் பண்ணேன், உடனே உயிர் வந்துடுச்சு. அப்ப பொருள் நல்லாத்தான் இருக்கு. இந்த வேலைய நான் ஏங்க பண்ணணும்? ஸ்லீப்ல இருந்து எழுந்ததும் டச்பேட் பதில் சொல்லலன்னா டிரைவரே ரீசெட் பண்ணட்டும்.

ஒண்ணும் புதுசா கேக்கல. லினக்ஸ்ங்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்துல யூஎஸ்பி கீபோர்டு, மவுஸ் டிரைவர் பாருங்க, எரர் வந்தா 13 மில்லிசெகண்ட் பொறுத்து திரும்பக் கேக்கும், அப்பறம் அந்த இடைவெளிய 104 மில்லிசெகண்ட் வரைக்கும் டபுளாக்கிக்கிட்டே போகும், ஒரு செகண்டு தாண்டியும் சரியாகலன்னா போர்ட்டையே ரீசெட் பண்ணிடும். வட்டப் பின் வச்ச பழைய பிஎஸ்/2 மவுஸோட டிரைவர் கூட 5 டேட்டா பாக்கெட் தப்பா வந்தா ரீசெட்டுக்குப் போயிடும். கோடு தெறந்துதான் கெடக்கு, யாரு வேணா படிக்கலாம்.

உங்க கிட்ட கீபோர்டு லைட் கலர் மாத்த ஒரு ஆப் இருக்கு, அதுக்கு மாசாமாசம் அப்டேட் வேற. சப்போர்ட் பேஜ்ல "டச்பேட் வேலை செய்யவில்லையா? இங்கே கிளிக் செய்யவும்"னு போட்டுருக்கீங்க. எதால கிளிக் பண்றது, மூக்காலயா?

மன்னிச்சுக்கோங்க, கோவத்துல எங்கயோ போயிட்டேன். கேக்குறது இதான்: எழுந்ததும் டச்பேட் முழிக்கலன்னா டிரைவரே ரீசெட் பண்ணணும், மூணு தடவ பாத்தும் வரலன்னா ஸ்க்ரீன்ல ஒரு வரி சொல்லணும், அந்த மெசேஜ எண்டர் தட்டி மூட முடியணும். தயவுசெஞ்சு இந்த டிக்கெட்டையும் "தீர்க்கப்பட்டது"ன்னு போட்டு மூடிடாதீங்க.

இப்படிக்கு,
டேப் கீ தேய்ஞ்சுபோன ஒரு கஸ்டமர்