பாய்மரப் படகு உரிமையாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு கடலுக்குப் போன நம் படகுகள் எல்லாம் கரை திரும்பின. புயலில் யாரும் சிக்கவில்லை, பாய் ஒன்றும் கிழியவில்லை. செயற்குழுவுக்கு வந்த புகார்களும் கோப்பை, கழிப்பறை, படுக்கை வகையறாதான்.

முதலில் அடுப்பு. காற்றை எதிர்த்து ஓடும்போது படகு 20 டிகிரி சாய்ந்தபடியே நாள் முழுக்கப் போகும். அப்போதும் அடுப்பு மட்டமாக நிற்கட்டும் என்றுதான் அதை ஊஞ்சல்போலத் தொங்கவிட்டிருக்கிறார்கள். துறையில் ஆடாமலிருக்க அதற்கு ஒரு தாழ்ப்பாள். கிளம்பும்போது அந்தத் தாழ்ப்பாளை எடுக்க மறந்தவர்களில் செயலாளரும் ஒருவர் என்பதைப் பதிவு செய்கிறேன். சரி, எடுத்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். கெட்டில் ஊஞ்சலில் இருக்கிறது. ஊற்றுகிற கை ஊஞ்சலில் இல்லையே! கோப்பையைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது என்ற தீர்மானம் இந்த ஆண்டும் தொடர்கிறது.

அடுத்து, எல்லாரும் எதிர்பார்க்கும் கழிப்பறை விவகாரம். பல படகுகளில் அது முன்பக்கம், அதாவது அலைக்கு அதிகம் துள்ளும் இடத்தில் இருக்கிறது. ஒரு கை கைப்பிடியில், தலை ஒரு சுவரில், முழங்கால் கதவில். அப்புறம் பம்பு அடிக்க மூன்றாவது கை வேண்டும். முதல்முறை கடலுக்கு வந்த விருந்தினர் ஒருவர் அந்த மூன்றாவது கைக்காக முழங்காலை எடுத்தார். அதே நேரம் மேலே படகைத் திருப்பினார்கள். தாழ்ப்பாள் தெறித்தது; விருந்தினர் கால்சட்டையைப் பிடித்தபடி அறை முழுவதையும் கடந்து வரைபட மேசையில் வந்து மோதினார். படகு அப்போது 5 நாட், அதாவது மணிக்கு 9 கிலோமீட்டர் சொச்சம் வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. இடம் குறித்துக்கொண்டிருந்த படகுத் தலைவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “வந்துட்டீங்களா? வால்வை மூடினீங்களா?” என்றாராம். கேட்டதில் தப்பில்லை. அந்தக் கிண்ணம் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்து, வால்வும் திறந்து கிடந்தால், கடல் உள்ளே வந்துவிடும்.

தூக்கம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நான்கு மணி நேரம் காவல், நான்கு மணி நேரம் ஓய்வு. இருவர் மட்டும் போகும் படகில் கணவனும் மனைவியும் முறை மாறும்போதுதான் பார்த்துக்கொள்கிறார்கள். “வலப்பக்கம் ஒரு கப்பல், வெந்நீர் ஃபிளாஸ்கில்” என்பதோடு குடும்பப் பேச்சு முடிந்துவிடுகிறது. உப்பு ஏறிய துணி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், காயவே காயாது. அதனால் போர்வையும் ஈரம்.

அந்தத் தூக்கத்தையும் கெடுத்தது ஒரு லைஃப் ஜாக்கெட். தானாக ஊதிக்கொள்ளும் வகை. உள்ளே இருக்கும் மாத்திரை நனைந்து கரைந்தால் ஒரு ஊசி வாயுக் குப்பியைக் குத்தித் திறக்கும். சொட்டச் சொட்ட நனைந்ததை ஒருவர் அலமாரிக்குள் திணித்துவிட்டுப் போனார். நடுராத்திரியில் ‘படார்’! பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் பாறையில் மோதிவிட்டோம் என்று உள்ளாடையோடு மேல்தளத்துக்கு ஓடினார். சுக்கானில் இருந்தவர் அவரைக் கண்டு அலறியதுதான் அன்றைய இரவின் உண்மையான விபத்து.

கடைசியாக, டின்கள். அடித்தளத்தில் வைக்கும் டின்களின் காகிதம் ஈரத்தில் உரிந்து, அங்கே தேங்கும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பை அடைக்கும் என்பதால், காகிதத்தைக் கிழித்துவிட்டு டின்மேல் பெயர் எழுதும்படி சுற்றறிக்கை அனுப்பியிருந்தேன். எந்தப் பேனாவால் என்று அதில் குறிப்பிடவில்லை. ஒரு படகில் பட்டாணி என்று திறந்ததெல்லாம் அன்னாசித் துண்டுகளாகவே வந்தன. நான்காம் நாள் அன்னாசி வேண்டுமென்று திறந்தபோது பட்டாணி வந்தது.

பொருளாளர் வாசிக்கவிருக்கும் கணக்கில் ‘அழியாத மை பேனா, ஒரு பெட்டி’ என்ற செலவு அதற்கானது.