கோரிக்கை மனு: குதிரைகளின் கண்நோய்க்குப் பரிசோதனையும் சிகிச்சையும் வேண்டுதல்

அனுப்புநர்
குதிரை வளர்ப்போர்,
தேவனாம்பட்டினம், கடலூர்.

பெறுநர்
மண்டல இணை இயக்குநர் அவர்கள்,
கால்நடை பராமரிப்புத் துறை, கடலூர்.

ஐயா,

பொருள்: குதிரைகளுக்கு எலிக்காய்ச்சல் கிருமிப் பரிசோதனை, கண் சிகிச்சை கோருதல் தொடர்பாக.

வணக்கம். சில்வர் பீச்சில் சவாரிக்கும் கல்யாண ஊர்வலங்களுக்கும் குதிரை விட்டுப் பிழைப்பவர்கள் நாங்கள். எங்கள் குதிரைகளில் மூன்றுக்குக் கண்நோய் விட்டுவிட்டு வருகிறது. வெயிலில் கண் திறப்பதில்லை. தாடை வரை நீர் வடிகிறது. இமையைப் பிரித்துப் பார்த்தால் கருவிழியில் நீலம் பாய்ந்த மூட்டம். கிடைவாட்டில் அகன்றிருக்க வேண்டிய கண்ணின் பாவை கீறலாகச் சுருங்கிக் கிடக்கிறது. தெளிந்துவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி வருகிறது. ஒரு பெட்டைக் குதிரைக்கு வலக்கண்ணில் பூ விழுந்துவிட்டது. அந்தப் பக்கம் ஆள் வந்தாலே மிரள்கிறது. அதன்மேல் குழந்தையை ஏற்ற எங்களுக்குத் துணிவில்லை.

கடற்கரை மணல் பட்டிருக்கும் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். மணல் என்றால் ஒரு முறையோடு போயிருக்கும். எங்கள் சந்தேகம் வேறு. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் கரையைக் கடந்ததை அடுத்துத் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. லாயத்தில் தேங்கிய தண்ணீரில்தான் குதிரைகள் நின்றன, அதையே குடித்தன. எலி, மாடு இவற்றின் சிறுநீர் வழியாக நீரில் கலக்கும் லெப்டோஸ்பைரா என்னும் எலிக்காய்ச்சல் கிருமி, குதிரைக்குக் காய்ச்சல்கூடக் காட்டாமல் உள்ளே தங்கும். மாதங்கள், சில வேளை வருடங்கள் கழிந்த பிறகே கண்ணின் உள்ளே அழற்சியாக வெளிப்படும். அதனால்தான் வெள்ளத்தையும் கண்ணையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. காரணம் இதுதான் என்று நாங்கள் அடித்துச் சொல்லவில்லை; ரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும்.

ஆகவே, எங்கள் குதிரைகள் அனைத்துக்கும் இங்கேயே ரத்த மாதிரி எடுத்து, சென்னை மாதவரத்தில் உள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு அனுப்ப ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். கண் பார்க்கத் தெரிந்த மருத்துவர் ஒருவரும் வர வேண்டும். பாவையை விரிக்கும் அட்ரோபின் சொட்டு மருந்து தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். கருவிழியில் புண் இருக்கும்போது ஸ்டீராய்டு சொட்டு விட்டால் உள்ள கண்ணும் போய்விடும் என்பதால், புண்ணைக் காட்டும் சாயத்தாள் வைத்துப் பார்க்காமல் மருந்துக்கடையில் வாங்கி ஊற்ற அஞ்சுகிறோம்.

இதே கிருமி மனிதரையும் தாக்கும். காலில் சேற்றுப்புண்ணோடு லாயம் கூட்டும் பையன்கள் இருக்கிறார்கள். தேங்கும் நீரை வடிப்பது தங்கள் துறையின் வேலை அல்ல. ஆனால் மாநகராட்சிக்குத் தாங்கள் எழுதும் ஒரு வரிக்கு எங்கள் மனுவைவிட மதிப்பு உண்டு. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் நடவடிக்கை எடுக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குதிரை வளர்ப்போர், தேவனாம்பட்டினம்.