உள்ளங்கை ரேகை

அன்பு மகளுக்கு,

பங்குனியில் வீடியோவில் பார்த்துவிட்டு, "அம்மா ஏன் இப்படிக் கறுத்துப்போனார்?" என்று கேட்டாய். யாழ்ப்பாணத்து வெயில் என்று சிரித்து மழுப்பியவன் நான். வெயில் உள்ளங்கை ரேகையையும் பல் முரசையும் கறுப்பாக்காது என்பது எனக்கு உறைக்கவில்லை.

மெலிவு, களைப்பு, எழும்பி நின்றால் தலைச்சுற்று. மாங்காய்க்கு உப்புத் தொட்டவர் உப்பையே நக்கத் தொடங்கினார். ஆனையிறவு உப்பளத்தை வீட்டுக்குக் கொண்டுவரவா என்று பகிடி வேறு செய்தேன். முதலில் பார்த்த வைத்தியர், வயதும் யோசனையும்தான் என்று சொல்லி விற்றமின் தந்து அனுப்பிவிட்டார். சத்தியெடுத்துக் கிணற்றடியில் விழுந்த பிறகே இரத்தத்தில் சோடியம் குறைவு, பொற்றாசியம் கூடுதல் என்று கண்டார்கள். காலையில் இரத்தத்தில் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனை அளந்து, அதைச் சுரக்கத் தூண்டும் ஊசி போட்டு, அரை மணி நேரம் கழித்து மறுபடியும் அளந்தார்கள். ஏறவேயில்லை. அதைச் சுரக்கிற, சிறுநீரகங்களின் மேல் குந்தியிருக்கும் அதிரினல் சுரப்பிகள் ஓய்ந்துவிட்டனவாம். 1855இல் இலண்டனில் தோமஸ் அடிசன் எழுதிவைத்த நோய். காசநோயாலும் வருமென்று அதையும் தேடினார்கள், அது இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கியிருக்கிறது.

இப்போது அந்த ஹோர்மோனுக்கு ஈடாக ஐதரோகோட்டிசோன் குளிசை விடிய 10, மத்தியானம் 5, பின்னேரம் 5 மில்லிகிராம். உடம்பில் உப்பைத் தக்கவைக்க ஃபுளூட்ரோகோட்டிசோன். மூன்றாம் கிழமை அம்மா என்னோடு சண்டை பிடித்தார்; தேறுகிறார் என்று தெரிந்துகொண்டேன்.

காய்ச்சல் வந்தால் ஐதரோகோட்டிசோனை இரட்டிப்பாக்க வேண்டும். சத்தியால் குளிசை தங்காவிட்டால் 100 மில்லிகிராம் ஊசி, உடனே வைத்தியசாலை. திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

இதை எழுத வைத்தது ஐப்பசியில் வரும் கந்தசஷ்டி. ஆறு நாளும் தண்ணீரோடு இருக்கப்போவதாக அம்மா நேர்ந்திருக்கிறார். போதாததற்கு, குளிசை ஸ்டீரொயிட் என்று யாரோ சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறார்கள். உடம்பு சுரக்காததைத்தான் ஈடுசெய்கிறோம் என்று வைத்தியர் சொன்னதைச் சொன்னால், நான் நாத்திகம் பேசுகிறேனாம்.

ஞாயிற்றுக்கிழமை எடுக்கும்போது நீ சொல்லு. நல்லூரில் சூரன் போர் பார்க்கட்டும். சாப்பாடும் குளிசையும் ஒரு நேரமும் தவறக்கூடாது. அவருக்காக விரதத்தை நான் பிடிக்கிறேன் என்றும் சொன்னேன். பத்து மணித் தேநீர் பிந்தினாலே கத்துகிற மனிதனை அம்மா நம்பவில்லை.

உள்ளங்கையைக் காட்டச் சொல்லிப் பார். ரேகை கொஞ்சம் வெளுத்திருக்கிறது.

அப்பா