கண்ணில்லாத வண்டும் உன் எட்டுப் பக்கமும்

அன்புள்ள மதி,

உன் மெயில் வந்தது. காய்ச்சல் விட்டது என்று படித்ததில் பாதி நிம்மதி. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று தெரிந்தால்தான் மீதியும் வரும். அதை ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டுக்கொள்கிறேன். இப்போது எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக.

"ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு புது வண்டு. அதைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதை யாரும்மா படிக்கப் போகிறார்கள்?" என்று கேட்டிருந்தாய். இதற்குப் போனில் பதில் சொன்னால் வாக்குவாதம் ஆகிவிடும், அதான் கடிதம்.

2019 அக்டோபரில் ஒரு வண்டு எல்லாச் செய்தித்தாளிலும் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நெல்லோப்டோடெஸ் கிரேட்டே. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தோடு சேர்ந்து வேலை செய்த மைக்கேல் டார்பி, காலநிலைக்காகப் போராடும் ஸ்வீடன் பெண் கிரேட்டா துன்பர்க்கின் பெயரை அதற்கு வைத்தார். அதன் நீளமான உணர்கொம்புகள் அந்தப் பெண்ணின் பின்னலைப் போல இருக்கின்றன என்று பத்திரிகைகள் எழுதின. எனக்கும் அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அந்த வண்டு டார்பியின் கைக்கு வந்து சேர்ந்த விதத்தை நான் படித்த செய்திகளில் யாரும் விரிவாக எழுதவில்லை. உனக்குச் சொல்ல வேண்டியது அதுதான்.

1964, 65 வாக்கில் வில்லியம் பிளாக் என்பவர் கென்யாவில் மண்ணும் இலைச்சருகும் சேகரித்திருக்கிறார். அதில் கிடைத்த சிறு பூச்சிகள் 1978இல் லண்டன் அருங்காட்சியகத்துக்கு வந்தன. அங்கேயே இருந்தன. பிறகு ஒருநாள் டார்பி அந்தச் சேகரிப்பை எடுத்துப் பார்த்துக்கொண்டு வந்தபோதுதான் இது இதுவரை யாரும் விவரிக்காத வண்டு என்று தெரிந்தது. சிற்றினம் மட்டுமல்ல, பேரினமே புதிது. பிடித்ததற்கும் பெயர் வைத்ததற்கும் நடுவே ஐம்பது வருஷத்துக்கு மேல்.

இத்தனை வருஷமும் அது வெறும் தூசியாகிப் போகாமல் இருந்ததற்குக் காரணம், எந்த நாடு, எந்த வருஷம், யார் எடுத்தது என்று யாரோ ஒழுங்காக லேபிள் எழுதி வைத்ததுதான். லேபிள் இல்லாத வண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒன்றுக்கும் ஆகாது. உனக்குத் தெரியாததா? ஆனாலும் சொல்கிறேன்.

இப்போது அந்த வண்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார். நீளம் 0.79 மில்லிமீட்டர். கடுகில் பாதி. வெளிறிய மஞ்சள், கொஞ்சம் பொன்னிறம். கண் கிடையாது. இறக்கையும் கிடையாது. கண்கள் இருந்திருக்க வேண்டிய இரண்டு இடங்களுக்கும் நடுவில் ஒரு சின்னக் குழி. டார்பி அடையாளமாகக் காட்டியது அந்தக் குழியைத்தான். பின்னல் செய்திக்கு உதவியது, சரி. ஆனால் நாளைக்கு ஒருவர் கென்யாவில் சருகைச் சலித்து ஒரு மஞ்சள் வண்டை எடுத்து, இது அதுதானா என்று பார்க்க உட்கார்ந்தால், அவருக்குக் கைகொடுக்கப் போவது அந்தக் குழியைப் பற்றிய ஒரு வரி.

இந்த வண்டு சேர்ந்த டைலிடே குடும்பம் முழுவதுமே இப்படிப் பொடிசுதான். வண்டுகளிலேயே மிகச் சிறியவை இந்தக் குடும்பத்தில்தான் இருக்கின்றன. இறக்கை உள்ளவற்றுக்கு அது இறக்கை மாதிரியே இருக்காது. ஒரு காம்பு, அதைச் சுற்றி மயிர்கள், இறகு போல. நடுவில் சவ்வு என்று சொல்ல ஒன்றுமில்லாமல் பறக்கிறதே என்று நானும் வியந்திருக்கிறேன். 2022இல் ரஷ்ய ஆராய்ச்சியாளர்கள் இந்தக் குடும்பத்து வண்டு ஒன்றை அதிவேகக் கேமராவில் பிடித்து, அது இறக்கையை '8' என்ற எண்ணின் வடிவத்தில் வீசுகிறது, இறக்கையை மூடும் கெட்டியான மேலோடுகளையும் அசைத்து உடம்பை நிலையாக வைத்துக்கொள்கிறது என்று காட்டினார்கள். உடம்பின் அளவோடு ஒப்பிட்டால் இவற்றின் முட்டை மிகப் பெரியது. ஒரு தடவைக்கு ஒன்றுதான் முற்றும். நான் பள்ளியில் விலங்கியல் எடுத்த காலம் முழுக்கக் கரப்பானையும் மண்புழுவையும் தவளையையும் திரும்பத் திரும்ப நடத்திவிட்டு வந்தவள். இதெல்லாம் பாடத்தில் இருந்திருந்தால் பிள்ளைகள் பெஞ்சின் மேலேறி நின்று கேட்டிருப்பார்கள்.

உன் கேள்விக்கு நேரான பதில் ஸ்கைடோசெல்லா முசவாசென்சிஸ். இதுவும் அதே குடும்பம். 1999இல் வெஸ்லி ஹால் நிகரகுவாவில் கிடைத்த மாதிரிகளை வைத்து இதை விவரித்தார். மரத்தில் முளைக்கும் பூஞ்சையில் வாழ்வது. அன்றைக்கு அந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! உன்னைப் போல அவரும் இதை யார் படிப்பார்கள் என்று நினைத்து விட்டிருக்கலாம். 2015இல் அலெக்ஸி பொலிலோவ் என்ற ரஷ்யர், கொலம்பியாவில் பூஞ்சையில் இருந்து எடுத்த வண்டுகளைப் பற்றி எழுதினார். ஹாலின் விவரிப்பு இருந்ததால்தான் இது அதே வண்டு என்று அவரால் சொல்ல முடிந்தது. கணினியில் துல்லியமாக அளந்தார். மிகச் சிறியது 0.325 மில்லிமீட்டர். ஒட்டுண்ணியாக இல்லாமல் தானாக வாழும் பூச்சிகளில் தெரிந்தவரை அதுதான் மிகச் சிறியது. வேறு நாட்டில் உட்கார்ந்து, தன்னைப் பார்த்தே இராத ஒருவர் படிப்பதற்காக ஹால் எழுதியிருக்கிறார். உன் எட்டுப் பக்கத்தையும் அப்படி ஒருவர் படிப்பார். அவர் இன்னும் பிறக்காதவராகக்கூட இருக்கலாம்.

அவசரப்படு என்றும் சொல்கிறேன், அதைச் சொல்லத் தயங்கவில்லை. கிரேட்டே வண்டுக்குப் பெயர் வைத்தபோது, பெயர் வைக்கும் முன்பே எத்தனையோ சிற்றினங்கள் அழிந்துகொண்டிருக்கக்கூடும் என்று அருங்காட்சியகத்தின் வண்டுப் பிரிவுக் காப்பாளர் மேக்ஸ் பார்க்லே சொன்னார். இறக்கையே இல்லாத ஒரு வண்டு, தான் வாழும் சருகு போய்விட்டால் எழுந்து எங்கே போகும்? இதுவரை விவரித்த வண்டுகள் ஏறக்குறைய 4 லட்சம். அதற்கே இத்தனை காலம் ஆகியிருக்கிறது. உன் மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் இருப்பதை உன்னைத் தவிர வேறு யாரும் இன்று எழுதப் போவதில்லை கண்ணு.

அதனால் மயிர்களை எண்ணு. பெண் வண்டுகள் இருந்தால், விந்தைச் சேர்த்து வைக்கும் விந்துக்கொள்பையைத் தனியாக எடுத்து ஸ்லைடு போட்டுப் படம் வரைந்துவிடு. இந்தக் குடும்பத்தில் வெளித்தோற்றம் ஏமாற்றும், அதன் வடிவம் ஏமாற்றாது. புகைப்படம் இருக்கிறதே என்று வரைவதை விட்டுவிடாதே. வரையும்போது கண் நின்று பார்க்கும் இடங்களைக் கேமரா தாண்டிப் போய்விடும். தெரியாததைத் தெரியவில்லை என்றே எழுது, அதற்கு வெட்கப்படாதே.

அப்பா உன் வண்டின் பெயரை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும் என்று நச்சரிக்கிறார். அச்சில் வரும்வரை சொல்லக் கூடாது என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன். பெயர் இருக்கட்டும், அந்தப் பெயருக்கு ஆதாரமாக இருக்கப் போகும் மூல மாதிரியை எந்த அருங்காட்சியகத்தில் வைக்கப் போகிறாய்? முடிவானதும் எழுது. படங்களையும் அனுப்பு, முதலில் அடிப்பக்கத்துப் படம். ராத்திரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா