முள் சிலந்தியை அடிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழை பெய்து ஓய்ந்ததும் ஆனைமலை, பொள்ளாச்சிப் பக்கத் தோப்புகளில் முதுகில் முள் வைத்த சிலந்தி ஒன்று நிறையத் தென்படும். அதைப் படம் பிடித்து, கடித்தால் ஆள் தேறாது என்று வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டிருக்கிறார்கள், அதை நம்பி வேலியோரம் கண்ட வலையையெல்லாம் சீமாற்றால் அடித்துத் தள்ளுகிறார்கள். மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

இதனால் மனிதருக்கு ஆபத்து கிடையாது. தோட்டத்து வேலைக்கு வருகிற அக்கா ஒருவர், "ஏனுங்க, இத்தனை முள்ளு இருக்குதே, கொட்டாதுங்களா?" என்று கேட்டார். அந்த முள்ளில் விஷம் இல்லை. மேல்தோலே அப்படிக் கூராக நீண்டிருக்கிறது, அவ்வளவுதான். சிலந்தியின் விஷம் வாயிலுள்ள பல்லில் இருக்கும், அது வலையில் விழும் பூச்சிக்கானது.

கிட்டப் போய்ப் பாருங்கள், அடையாளம் சுலபம். சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். வயிறு நீளத்தைவிட அகலத்தில் கூடுதல், ஓடு மாதிரி கெட்டி. மேலே வெளிர்மஞ்சளும் கருமையுமாகக் குறுக்குப் பட்டைகள், விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள், சுற்றி ஆறு முள். இதற்குக் காஸ்டெராகாந்தா ஜெமினேட்டா என்று அறிவியல் பெயர். 1798இல் ஃபாப்ரீசியஸ் என்ற டென்மார்க் பூச்சியியல் அறிஞர் பதிவு செய்தது, இந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கிறது. நம் கண்ணில் படுவதெல்லாம் பெண்தான், ஆண் ரொம்பப் பொடிசு.

போனில் படத்தைப் போட்டுத் தேடுகிறவர்களும் கவனிக்க வேண்டும். வெள்ளை உடம்பு, கரும்புள்ளி, சிவப்பு முள்ளோடு ஒரு படம் முதலில் வந்து நிற்கும். அது அமெரிக்கக் கண்டத்துச் சிலந்தி. அதற்கும் ஆறு முள் என்பதால் இதுதான் அது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள், அப்புறம் யாரோ அதோடு ஒரு விஷக் கதையையும் சேர்த்துவிடுகிறார்கள். சொல்லப்போனால் அதுவும் ஆளைக் கொல்கிற ஜாதி இல்லை. நம் நாட்டிலேயே இதன் உறவு சில உண்டு: மஞ்சள் உடம்பில் கரும்புள்ளியோடு ஹாசெல்டி என்ற இனம், நடு முள் இரண்டும் கொம்பாக நீண்டு வளைந்த ஆர்க்குவேட்டா என்ற இனம்.

இரண்டு செடிக்கோ மரத்துக்கோ நடுவே, பல நேரம் நம் முகத்துக்கு நேராகவே வட்ட வலை கட்டி அதன் மையத்தில் தொங்கும். வலையைத் தாங்கும் இழைகளில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் இதன் வலையாகவோ இதன் உறவுச் சிலந்தியின் வலையாகவோ இருக்கும். பறவை வந்து மோதி வலையை அறுக்காமல் இருக்க இந்த ஏற்பாடு என்று ஒரு சாரார் சொல்கிறார்கள், பூச்சியை இழுக்க என்று இன்னொரு சாரார். கிளுவை வேலி இருக்கிற இடத்தில் வலை கட்ட அதற்கு வசதி அதிகம். வேலியை வெட்டிக் கம்பி போட்ட தோட்டங்களில் நான் அவ்வளவாகப் பார்ப்பதில்லை.

2016 முதல் தென்னையில் சுருள் வெள்ளை ஈயோடு மல்லுக்கட்டுகிறோம். அதை அழிக்கிற என்கார்சியா குளவியைக் காப்பாற்ற வேண்டும், ரசாயன மருந்து அடிக்காதீர்கள் என்று வேளாண் பல்கலைக்கழகமே சொல்கிறது. இந்தச் சிலந்தி ஒன்றே வெள்ளை ஈயை ஒழித்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பறக்கிற சின்னப் பூச்சி எதுவானாலும் அதன் வலையில் சிக்கும், பூச்சி பிடிக்கிற வேலையைக் காசு செலவில்லாமல் செய்கிற உயிரை நாமே ஏன் அடிக்க வேண்டும்?

உங்கள் விவசாயப் பக்கத்தில் இதன் படத்தை, முதுகுப் பட்டையும் ஆறு முள்ளும் தெளிவாகத் தெரியும்படி, பெரிதாகப் போடுங்கள். பாதையில் வலை குறுக்கே இருந்தால் ஒரு குச்சியால் ஓரமாக ஒதுக்கிவிட்டுப் போனால் போதும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஆனைமலை.