எங்களைத் திரும்பவும் வாட்டுக்குள் கொண்டுவந்தவர்களுக்கு

அன்பான எல்லோருக்கும்,

நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு மருத்துவமனையில் ஆர்.பி.என். (டிப்ளோமா நிலைப் பதிவுபெற்ற தாதி) ஆக வேலை தொடங்கிவிட்டேன் என்ற செய்தி உங்களில் பலருக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். பூங்கொத்துப் படங்களும் கைகூப்பும் படங்களும் வந்து குவிந்தன. எல்லாவற்றுக்கும் 'நன்றி' என்று ஒரு சொல் திருப்பி அனுப்பினேன். அது போதாது. உங்களில் ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. அதனால் இதை எல்லோரும் பார்க்க எழுதுகிறேன். பெயர் போடவில்லை. போட்டால் பாதிப்பேர் என்னோடு கோபித்துக்கொள்வீர்கள்.

இந்தப் பாதையில் நடக்காதவர்களுக்கு ஒன்றை முதலில் விளங்கப்படுத்த வேண்டும். ஊரில் தாதியாக வேலை செய்தவர் ஒன்ராறியோவில் அதே வேலைக்கு வருவதற்குப் பரீட்சைதான் பெரிய தடை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பரீட்சையைப் படித்துப் பாஸ் பண்ணலாம். பெரிய தடை காலம். பதிவு கேட்பவர் கடந்த மூன்று வருடத்துக்குள் தாதியாக வேலை செய்திருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோ தாதியர் சபையின் விதி. ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேற்றுக்கு இரண்டு வருடம்தான் ஆயுள். அந்த நாட்களில் படித்த பத்திரங்களை நாங்கள் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. 2014 இல் தொடங்கிய என்.என்.ஏ.எஸ். என்ற தேசிய மதிப்பீட்டுச் சேவைக்குப் பயிற்சிக் கல்லூரியும் பதிவு அலுவலகமும் பழைய வேலைத்தலமும் நேரே அனுப்ப வேண்டியிருந்தது. ஒன்று வந்துசேரும்போது இன்னொன்று காலாவதியாகியிருக்கும். இடையில் வயிற்றுப்பாட்டுக்கு முதியோர் இல்லத்தில் பி.எஸ்.டபிள்யூ. (பராமரிப்பு உதவியாளர்) வேலை செய்தால் அது தாதி வேலைக் கணக்கில் வராது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் வருடக்கணக்காக இரவு டியூட்டி பார்த்துவிட்டு 2017 இல் வந்த எனக்கு நடந்தது இதுதான். ஆகவே நீங்கள் எனக்குச் செய்த உதவியை நான் மாதக் கணக்கில்தான் அளக்கிறேன்.

முதல் நன்றி யாழ்ப்பாணத்துக்கு. நாங்கள் யாழ்ப்பாணத்துக்கான தரைவழியான ஏ9 பாதை போரால் பூட்டிக்கிடந்த காலத்தில் படித்த தொகுதி. 2006 ஆகஸ்டுக்குப் பிறகு அங்கே கடதாசிக்கே தட்டுப்பாடு. என்.என்.ஏ.எஸ். கேட்டதோ ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணித்தியாலம் வகுப்பு, எத்தனை மணித்தியாலம் வாட்டில் பயிற்சி என்ற விபரம். தாதியர் பயிற்சிக் கல்லூரி அலுவலகத்தில் இருக்கும் தங்கச்சி, என்னை ஒருநாளும் கண்டிராதவர், பழைய வரவுப் புத்தகங்களை அலுமாரி மேலிருந்து இறக்கி, மகப்பேறு விடுதிக்கு இவ்வளவு, சத்திரசிகிச்சைக்கு இவ்வளவு என்று கூட்டி எடுத்தார். ஓர் இடத்தில் பக்கம் கிழிந்திருக்க, பாடம் எடுத்த ரீச்சரைத் தேடிப் பிடித்துக் கேட்டு, அதிபரிடம் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி, கடிதவுறையை ஒட்டி அனுப்பினார். அது அவருடைய கடமைப் பட்டியலில் இல்லாத வேலை. தங்கச்சி, நீங்கள் கூட்டிய கணக்கில் ஒரு கேள்விகூட வரவில்லை.

அதே காலத்தில் இங்கே படிவம் நிரப்பித் தருகிறோம் என்று ஆயிரக்கணக்கில் டொலர் கேட்டவர்களும் உண்டு. அவர்களை நம்பிக் காசு கட்டிவிட்டு இன்னும் பதில் இல்லாமல் இருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் போகாதே என்று என்னை மறித்தவர் கெயார் சென்ரரில் எனக்கு ஒதுக்கப்பட்ட ஆலோசகர். வெளிநாட்டில் படித்த தாதியருக்காக 2001 இல் ரொறன்ரோவில் தொடங்கிய அமைப்பு அது. எந்தப் பத்திரத்தை முதலில் கேட்க வேண்டும், எதைக் கடைசிக்கு வைக்க வேண்டும் என்ற ஒழுங்கை அவர் ஒரு தாளில் எழுதித் தந்தார். ஆங்கிலப் பரீட்சையை அவசரப்பட்டு எழுதாதே, மற்றதெல்லாம் கைக்கு வரட்டும் என்று சொன்னவரும் அவர்தான். அந்த ஒரு வசனத்தால் எனக்கு ஒரு பரீட்சைக் கட்டணம் மிச்சம்.

முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்தவர்களே, கொரோனா வந்த 2020 வசந்தத்தை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. ஒன்ராறியோவில் சில இல்லங்களுக்குள் இராணுவத்தை இறக்க வேண்டிவந்த காலம். எங்கள் இல்லத்துக்கு அவர்கள் வரவில்லை. வந்திருந்தாலும் நல்லதென்று நினைத்த இரவுகள் இருந்தன. அப்போது இரவுப் பொறுப்பில் இருந்த பிலிப்பைன்ஸ் தாதி அக்கா, நான் உடுப்பு மாற்றவும் சாப்பாடு தீத்தவும் வந்தவள் என்று தெரிந்தும், நான் கூப்பிட்டவுடன் வருவார். "மூச்சு எண்ணிப் பார்த்தேன், கூடவாக இருக்கிறது" என்று நான் சொன்னால் ஏன் எண்ணினாய் என்று கேட்கமாட்டார். தானும் எண்ணுவார், ஒட்சிசன் அளவு பார்ப்பார், பிறகு, "உன்ர வாட்டில் இப்படி ஒரு ஆளுக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார். வேலைநேரத்தில் என்னிடம் தாதிக்கான கேள்வி கேட்ட ஒரே ஆள் அவர். அறிவு துருப்பிடிக்காமல் இருந்ததற்கு அந்தக் கேள்விகள்தான் காரணம். என் சனிக்கிழமை ஷிப்டுகளை மாற்றி எடுத்துக்கொண்ட மற்ற மூவருக்கும், நத்தார் அன்றுகூட எடுத்தவருக்கும், நான் இன்னும் கடனாளி.

அந்தச் சனிக்கிழமைகள் மால்வேர்ன் நூலகத்தில் கழிந்தன. படிப்பு வட்டம் என்று பெயர்தான் பெரிது. ஒரு மேசை, ஐந்தாறு பேர், யாரோ கொண்டுவந்த ரோல்ஸ். எங்களுக்குச் சொல்லித்தந்தவர் ஜமைக்காவில் பிறந்து, இங்கே ஆயுள் முழுக்கத் தாதியாக இருந்து ஓய்வெடுத்த மிஸ். சம்பளம் இல்லை, பஸ் காசுகூட வாங்கவில்லை. முதல்நாளே அவர் சொன்னார், உங்களுக்கு மருத்துவம் தெரியும், இந்த நாட்டு வாட்டு எப்படி ஓடுகிறது என்பதுதான் தெரியாது என்று.

அவர் சொன்னது உண்மை. ஊரில் குருதியில் சீனி 126 என்றால், அளக்கும் அலகு வேறு என்பதால் இங்கே அது 7. பதினெட்டால் பிரிக்க வேண்டும். 4க்குக் கீழே போனால் ஓட வேண்டும் என்பது மண்டையில் ஏறும்வரை எங்களை அவர் விடவில்லை. பனடோல் என்று பழகிய நாக்கை அசெற்றமினோபின் என்று திருப்பினார். அதெல்லாம் சின்ன விசயம். பெரிய விசயம் தொலைபேசி. ஊரில் நோயாளிக்கு ஏதும் என்றால், "சேர், ஒருக்கா வந்து பாருங்கோ" என்போம், அவர் வருவார், முடிவு அவருடையது. இங்கே இரவு மூன்று மணிக்கு டொக்டரை எழுப்பினால், நான் யார், நோயாளி யார், என்ன மாறியிருக்கிறது, நான் பார்த்ததில் என்ன கண்டேன், இப்போது எனக்கு என்ன வேண்டும் என்று ஒரு மூச்சில் சொல்ல வேண்டும். கடைசியில் வருவதுதான் எங்களுக்கு வாயில் வராது. டொக்டரிடம் 'எனக்கு இது வேண்டும்' என்று கேட்பதா? மிஸ் நூலக மேசையில் இருந்தபடியே நித்திரைக் குரலில் டொக்டராக நடிப்பார், சிலவேளை எரிச்சலோடு தொலைபேசியை வைத்துவிடுவார். திரும்ப எடு என்பார். எங்களில் ஒருத்தி அழுதே விட்டாள். போன கிழமை உண்மையாகவே ஒரு டொக்டர் எரிச்சல்பட்டார். மிஸ் அதைவிட நன்றாகச் செய்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆர்.பி.என். பதிவுக்காக 2022 ஜனவரியில் தொடங்கிய ரெக்ஸ்-பி.என். என்ற கணினிப் பரீட்சையை நாங்கள் எழுதப்போனபோது அதற்குப் பழைய வினாத்தாள் எதுவும் இல்லை. நீங்கள் சரியாகச் சொல்லச் சொல்லக் கணினி கடினமான கேள்வியைத் தரும்; 90 கேள்விக்கும் 150 கேள்விக்கும் இடையில் எங்கே நிற்கும் என்று தெரியாது. நான்கு நோயாளி, முதலில் யாரிடம் போவாய் என்ற கேள்விகளை மிஸ் தானே எழுதிக்கொண்டு வந்தார். நாங்கள் பாஸ் ஆனதில் அவருடைய கையெழுத்துக்குப் பங்கு உண்டு.

என் மூன்று வருடம் எப்போதோ முடிந்துவிட்டது. அதைத் திருப்பித் தந்தது அதே ஜனவரியில் தாதியர் சபையும் மாகாணச் சுகாதார அமைப்பான ஒன்ராறியோ ஹெல்த்தும் சேர்ந்து தொடங்கிய மேற்பார்வைப் பயிற்சித் திட்டம். பதிவுபெற்ற தாதி ஒருவரின் கண்காணிப்பில் குறைந்தது 140 மணித்தியாலம் வேலை செய்தால், அண்மைக்கால அனுபவம் என்று அதை ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் திட்டம் இருந்து என்ன, யாராவது ஒரு தாதி தன் பன்னிரண்டு மணித்தியால வேலைக்கு நடுவில் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு திரியச் சம்மதிக்க வேண்டும். எட்டாம் மாடித் தாதியே, நீங்கள் சம்மதித்தீர்கள். நோயாளியிடம் என்னை "இவரும் தாதி, பல வருட அனுபவம் உள்ளவர்" என்று சொல்லி அறிமுகப்படுத்தினீர்கள். நான் நோயாளியின் நாளத்தில் கனூலா (ஊசிக்குழாய்) போடும்போது கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள்.

வீட்டில் பிள்ளைகளைப் பார்த்த மாமிக்கும், சமைக்கப் பழகிய என் மனிசனுக்கும் நேரே சொல்லிவிட்டேன். இங்கே எழுதினால் மாமி வெட்கப்படுவா.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் படித்தவர்களை நியாயமாக நடத்தவென்றே ஒன்ராறியோவில் 2006 இல் சட்டம் வந்தது. அப்படியிருந்தும் எங்களைப் போன்றவர்கள் முன்னே போக முடிந்தது தனியாட்களின் சனிக்கிழமைகளால்தான். 2025 ஏப்ரலில் இருந்து நிலைமை மாறியிருக்கிறது. படித்த நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட தாதியக் கல்வியையே சபை ஏற்றுக்கொள்கிறது, அதோடு இந்த நாட்டு நடைமுறைக்கான ஒரு பயிற்சிநெறி முடிக்க வேண்டும். என் டிப்ளோமாவை வைத்துக்கொண்டு ஆர்.என். (ஆர்.பி.என்.க்கு மேல்நிலைத் தாதி) பதிவுக்கு விண்ணப்பிக்கத் துணிந்தது இந்த மாற்றத்தால்தான். பல வருடம் காத்திருந்து வேறு வேலைக்குப் போய்விட்ட அக்காமாருக்கு இது பிந்தி வந்த செய்தி. அவர்களில் யாராவது இதை வாசித்தால் திரும்பவும் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

மிஸ்ஸுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்திருக்கிறது. அவர் நடக்கும்வரை சனிக்கிழமை மேசையை நானும் இன்னொருவரும் பார்த்துக்கொள்கிறோம். அவருடைய கேள்வி அட்டைகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. வருகிறவர்கள் பத்து மணிக்கு வாருங்கள், தொலைபேசிப் பயிற்சிக்கு டொக்டராக நடிக்க ஓர் ஆண்குரல் தேவைப்படுகிறது.

நன்றியுடன்,
ஸ்காபரோவிலிருந்து உங்கள் தாதி