கயலுக்கு, பதினோராம் அத்தியாயத்தில் நின்றுபோன நாவலைப் பற்றி

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய பதினோரு அத்தியாயங்களையும் பிரின்ட் எடுத்து இரண்டு தடவை படித்துவிட்டேன். முதல் தடவை பேனாவைத் தொடவில்லை, இரண்டாவது தடவைதான் சிவப்பு மை. "பன்னெண்டாவது வரவே மாட்டேங்குதும்மா, வறண்டுபோச்சு" என்று போனில் சொன்னாய். வறட்சியெல்லாம் ஒன்றும் இல்லை. இருபத்தைந்தாயிரம் வார்த்தை தாண்டினதும் நிறையப் பேருக்கு நாவல் படுத்துக்கொள்ளும். ஆரம்ப வேகம் தீர்ந்திருக்கும், முடிவு கண்ணுக்கு எட்டாது. அப்போது அடுத்து என்ன நடக்கும் என்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்காராதே. எழுதிவைத்ததைத் திரும்பப் படி. அடைப்பு அநேகமாகப் பின்னால்தான் இருக்கும்.

ஐந்தாம் அத்தியாயத்தில் உள்ள இந்த மூன்று வரியைப் பார்:

"கமலா கதவைச் சாத்தினாள். அவள் அழுதிருக்கிறாள் என்று சுந்தரத்துக்குப் புரிந்தது. இவருக்கு என்ன புரியப்போகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்."

முதல் வரியில் நாம் கமலாவோடு அறைக்குள் இருக்கிறோமா, சுந்தரத்தோடு வெளியே இருக்கிறோமா? இரண்டாம் வரியில் அவன் மனசுக்குள் போகிறாய், மூன்றாம் வரியில் அவளுடைய மனசுக்குத் தாவுகிறாய். இரண்டு பேர் நினைப்பும் தெரிந்துவிட்டால் வாசகனுக்குக் காத்திருக்க ஒன்றுமில்லை. ஒரு காட்சிக்கு ஒரு மனசு போதும். இந்தக் காட்சி சுந்தரத்துடையது என்றால் கமலாவின் நினைப்பை எடுத்துவிடு. சாத்தின கதவு, உள்ளே தண்ணீர்ச் செம்பு உருளும் சத்தம், அவ்வளவுதான் அவனுக்குக் கிடைக்கவேண்டும். அவன் அதைத் தப்பாக அர்த்தம் பண்ணிக்கொண்டால் இன்னும் நல்லது. அடுத்த அத்தியாயத்துக்கு வேலை கிடைக்கும்.

இதோடு ஒட்டின இன்னொன்று, மரியாதை விகுதி. இது தமிழில் எழுதுகிறவர்களுக்கென்றே வாய்த்த தலைவலி. ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் தப்பித்துவிடலாம். நமக்கு ஒவ்வொரு வினைமுற்றும் ஒரு தீர்ப்பு. மில்லில் நெல் அவிக்கும் மாரிமுத்துவுக்கு அறுபது வயசு, "மாரிமுத்து வந்தான்" என்று எழுதியிருக்கிறாய். முதலாளி மகன் சுந்தரத்துக்கு முப்பது, முதல் மூன்று அத்தியாயத்தில் "சுந்தரம் வந்தார்", நாலாவதிலிருந்து "வந்தான்". சுந்தரத்தின் கண்ணால் பார்க்கும் காட்சியில் மாரிமுத்து "வந்தான்" ஆவது சரிதான், 1975இல் அந்த வீட்டில் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஆனால் யார் கண் வழியாகவும் சொல்லாத பொது விவரிப்பில், அதிகாலை மில் வாசலை வர்ணிக்கும் இடத்தில், அதே "வந்தான்" வந்தால் அது சுந்தரத்தின் மேட்டிமை ஆகாது, உன்னுடையதாகிவிடும். கவனமான வாசகர் அதை விடமாட்டார். ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டுக்கொள்: பாத்திரத்தின் பெயர், கதைசொல்லி போடும் விகுதி (ஆன், ஆள், ஆர்), ஒவ்வொருவரும் அவரை எப்படி விளிக்கிறார்கள். கமலா மாமனாரை "மாமா" என்பாள், மாரிமுத்துவை எப்படிக் கூப்பிடுவாள்? நாலாம் அத்தியாயத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், ஒன்பதில் "பெரியவரே" என்கிறாள். நடுவில் அவள் மனசில் ஏதோ மாறியிருக்கிறது என்றால் பிரமாதம், அந்த மாற்றத்தையே ஒரு காட்சியாக எழுது. மறதி என்றால் திருத்து.

பேச்சு வழக்கு உனக்கு நன்றாக வருகிறது. ஆனால் "போயிட்டு", "போய்ட்டு", "போயிட்டூ" என்று ஒரே ஆள் வாயில் மூன்று எழுத்துக்கூட்டல். ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் குறித்துவை. எல்லாச் சொல்லையும் காதில் விழுகிற மாதிரியே உடைத்தால் படிக்கிறவர் வாய்விட்டு எழுத்துக் கூட்ட வேண்டியிருக்கும். வினைமுற்றுகளிலும் வேற்றுமை உருபுகளிலும் மட்டும் பேச்சைக் காட்டு, மீதி தானாக ஒலிக்கும். "வினவினாள்", "முழங்கினார்" எல்லாம் வேண்டாம். "என்றாள்" போதும், யார் பேசுகிறார்கள் என்று தெரிகிற இடத்தில் அதுவும் வேண்டாம்.

இப்போது காலக் கணக்கு. இங்கேதான் சிவப்பு மை அதிகம் செலவானது. உன் கதை மன்னார்குடிப் பக்கம், 1975. ஆவணியில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் டிவி ஓடுகிறது. சென்னைத் தொலைக்காட்சி நிலையமே அந்த வருஷம் ஆகஸ்ட் 15ஆம் தேதிதான் தொடங்கியது. அந்த அலைவரிசை மன்னார்குடிக்கு எட்டவில்லை, ரேடியோவாக மாற்று. எமர்ஜென்சி அறிவித்தது 1975 ஜூன் 25 இரவு என்று சரியாகப் போட்டிருக்கிறாய். ஆனால் ஜூலையிலேயே ஊரில் கைது வேட்டை நடக்கிறது. தமிழ்நாட்டில் அப்போது எமர்ஜென்சியை எதிர்த்த திமுக ஆட்சி. அது கலைக்கப்பட்டது 1976 ஜனவரி 31, கைதுகள் கூட்டம் கூட்டமாக நடந்தது அதற்குப் பிறகுதான். உன் தமிழாசிரியரின் கைதை அந்த இரவுக்குத் தள்ளிவை. ஏழு மாதம் அவர் பயமில்லாமல் பேசித் திரிவார், அப்புறம் விழும் அடி கனமாக இருக்கும்.

தீபாவளிக்கு முந்தின இரவு முற்றத்தில் நிலா காய்கிறது என்று எழுதியிருக்கிறாய். அமாவாசையை ஒட்டி வருகிற பண்டிகைக்கு ஏதடி நிலா? நிலா வேண்டுமென்றால் காட்சியைக் கார்த்திகை தீபத்துக்குக் கொண்டுபோ, அது பௌர்ணமி. ஆடியில் புது நெல் வண்டிகள் மில் வாசலில் வரிசை கட்டுகின்றன. டெல்டாவில் ஆடி என்றால் நாற்றங்காலும் நடவும். சம்பா நெல் வருவது தை, மாசியில். குறுவை அறுப்பு புரட்டாசி, ஐப்பசியில், அதுவும் மழையோடு. அவித்த நெல்லைக் களத்தில் பரப்ப முடியாது, குவித்துவைத்தால் வாடை அடிக்கும், முளைவிடாது ஆனால் நிறம் மாறும், விலை போகாது. அப்பாவும் மகனும் எதற்காகச் சண்டை போடுவது என்று எட்டாம் அத்தியாயத்தில் தடுமாறியிருக்கிறாய். ஐப்பசி மழையில் களத்தில் நனையும் நெல்லைவிட நல்ல காரணம் உனக்குக் கிடைக்காது. விவரம் பிழையில்லாமல் இருந்தால் கதையும் சில சமயம் அதிலிருந்தே வந்துவிடுகிறது.

ஆறு, ஏழு, எட்டு மூன்றும் கமலா ஜன்னல் வழியே பார்ப்பதில் முடிகின்றன. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரே ஒரு வரி எழுது: யாருக்கு என்ன வேண்டும், முடிவில் எது முன்பிருந்த மாதிரி இல்லை. அந்த வரியின் இரண்டாம் பாதியை எழுத முடியவில்லை என்றால் அந்த அத்தியாயத்தில் எதுவும் நடக்கவில்லை, பக்கத்து அத்தியாயத்தோடு சேர்த்துவிடு. அதற்காக ஒவ்வொரு முடிவிலும் திடுக்கிட வைக்கவும் வேண்டாம். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது. அடுத்த இதழுக்காகக் காத்திருக்கும் வாசகருக்கு அந்தக் கொக்கி தேவை. ஒரே மூச்சில் புத்தகமாகப் படிப்பவருக்கு முப்பது கொக்கி சலித்துவிடும்.

தொண்ணூறாயிரம் வார்த்தை இலக்கு வைத்திருக்கிறாய், அது ஆங்கிலக் கணக்கு. "போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து" என்பது நமக்கு ஒரே வார்த்தை. டெம்மி என்கிற புத்தக அளவில் பக்கத்துக்குச் சுமார் 235 வார்த்தை பிடிக்கும். அறுபதாயிரம் எழுதினாலே 256 பக்கம், அதாவது பதினாறு பக்க ஃபாரம் பதினாறு. முதல் நாவலுக்குத் தாராளம். கையில் இருப்பது இருபத்தேழாயிரம், பாக்கி முப்பத்து மூன்றாயிரம். ஆபீஸ் நாளில் 400 வார்த்தை, வாரம் ஐந்து நாள் என்றால் பதினேழு வாரம். காட்சி முடிந்ததும் நிறுத்தாதே, பாதியில் நிறுத்து. மறுநாள் உட்கார்ந்ததும் கை தானாக ஓடும்.

இந்தத் திருத்தங்களை இப்போதே போட ஆரம்பிக்காதே. ஓரத்தில் குறித்துவைத்துவிட்டு மேலே எழுது. முழுசாக முடிந்ததும் ஒரு மாதம் ஆறப்போடு. அப்புறம் காலம், பிறகு பார்வை, பிறகு வாக்கியம் என்ற வரிசையில் திருத்து. ஒற்றுப்பிழை கடைசியில். வெட்டப்போகிற பத்திக்கு வல்லினம் மிகுமா என்று பார்ப்பது வெட்டி வேலை. "ஏனோ" என்று தேடிப் பார், நாற்பத்து மூன்று இடத்தில் இருக்கிறது. "சட்டென்று" அதற்குக் கொஞ்சம்தான் குறைவு. கோப்பு யூனிகோடிலேயே இருக்கட்டும். அச்சுக்காகப் பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும், மாற்றியபின் மறுபடி ஒரு மெய்ப்பு பார்க்கவேண்டும்.

பன்னிரண்டாவதுக்கு வருகிறேன். நாலாம் அத்தியாயத்தில் மாரிமுத்து அலமாரியில் இரண்டாவது கணக்கு நோட்டைப் பார்த்துவிடுகிறார். அதற்கப்புறம் அந்த நோட்டு எங்கேயும் வரவில்லை, ஒன்பதில் கமலா கூப்பிடும் அந்த ஒரு இடம் தவிர அவரும் வரவில்லை. பார்த்ததை அவர் யாரிடம் சொன்னார்? எழுதி அனுப்பு.

அன்புடன்,
அம்மா